நம்ம மகால் ஏன் ஹோட்டல் ஆகவில்லை?

நவபத்கானா

போன மாதம் அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு உதய்ப்பூர் போயிருந்தேன். பிச்சோலா ஏரியில் படகில் போகும்போது, தண்ணீருக்கு நடுவில் வெள்ளை வெளேரென்று ஓர் அரண்மனை. ஜக் நிவாஸ். 1740களில் இரண்டாம் ஜகத் சிங் கட்டியது. 1963ல் அதே வம்சத்து பகவத் சிங் அதை ஹோட்டலாக்கினார். படகுக்காரர் சுற்றித்தான் காட்டினார், பக்கத்தில் விடவில்லை. அப்பா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "நம்ம மகாலையும் இப்படிப் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்டா?"

அப்பாவுக்கு 76 வயது. தாத்தா வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். மதுரையில் நம்ம திருமலை நாயக்கர் மகாலில் கோர்ட் நடந்த காலம் அது. பள்ளிக்கூட லீவு நாளில் தாத்தாவுக்குத் தூக்குவாளியில் மதியச் சாப்பாடு கொண்டுபோவது அப்பா வேலை. போனதும் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்ப்பாராம். இரண்டு கையையும் விரித்தால் பாதிகூட வராது. கன்னத்தைத் தூணில் வைத்தால் சித்திரை வெயிலிலும் ஜில்லென்று இருக்கும் என்பார். உள்ளே சாட்சி சொல்கிறவர் குரல் மேலே பட்டு இரண்டாகத் திரும்பி வருமாம். புறாச் சத்தம் அதிகமானால் ஜட்ஜ் பேச்சை நிறுத்திக் காத்திருப்பாராம்.

அப்பா கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் இந்த இழை. நம் ஊர்ப் பக்கம் அரண்மனையோ பழைய பெரிய வீடோ ஹோட்டலாக மாறியிருக்கிறதா? மாறினால் கட்டடத்துக்கு நல்லதா, கெட்டதா? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பத்துத்தூண்

தம்பி, நல்ல கேள்வி. முதல் பாதிக்குப் பதில் சொல்கிறேன்.

ராஜஸ்தானில் அரண்மனைகள் ஹோட்டலானபோது அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் உயிரோடு உள்ளே குடியிருந்தார்கள். ஜெய்ப்பூர் ராம்பாக் 1957லேயே மாறிவிட்டது. ஆட்சி போனாலும் கட்டடம் குடும்பத்துக்குச் சொந்தம். 1971ல் மன்னர் மானியமும் நின்றதும் மற்றவர்களும் அதே வழியில் வந்தார்கள். நமக்கு அப்படி இல்லை. மதுரை நாயக்கர் ஆட்சி 1736ல் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் மகாலுக்குச் சொந்தம் கொண்டாட ஒரு குடும்பம் இல்லை.

அதற்கு முன்பே அது பாதி போய்விட்டது. திருமலை நாயக்கர் 1636ல் கட்டினார். அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது, அங்கே அரண்மனை கட்ட இங்கிருந்ததைப் பேர்த்துக்கொண்டு போனார். சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்று இரண்டு பெரும் பகுதி. இன்று நாம் பார்ப்பது சொர்க்க விலாசமும் நாடகசாலையும்தான், மொத்தத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. மிச்சம் எங்கே என்று கேட்டால் என் பெயரைப் பாருங்கள். விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே பத்துத் தூண்கள் கூரை இல்லாமல் நிற்கின்றன. அவையும் அரண்மனையைச் சேர்ந்தவைதான். உங்கள் நவபத்கானா தெருவும் அரண்மனை வாத்தியம் முழங்கிய இடத்தின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அரண்மனை போய்த் தெருப்பெயர் தங்கிவிட்டது.

மிச்சமிருந்ததும் விழுந்திருக்க வேண்டியது. 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் சொன்னார். கட்டடக் கலைஞர் சிசோம் அந்த வேலையைப் பார்த்தார். அப்புறம் ஜில்லா கோர்ட் வந்தது. 1970 வரை அங்கேதான் நடந்தது. கோர்ட் இருந்ததால்தான் கூரை ஒழுகினால் சரிசெய்ய ஓர் ஆபீஸ் இருந்தது, வெள்ளையடிக்க ஒரு செலவுக் கணக்கு இருந்தது. உங்கள் தாத்தாவைப் போன்றவர்கள் தினமும் அங்கே காலெடுத்து வைத்ததுதான் மகாலைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன்.

இப்போது அது மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1966ம் வருடச் சட்டத்தின்கீழ் வரும் சின்னத்தில் யாரும் அறை தடுத்துக் கட்டில் போட முடியாது. போடவும் கூடாது.

மேலமாசி

பத்துத்தூண் அண்ணே, தமுக்கத்தையும் சொல்லியிருக்கலாம். ராணி மங்கம்மாளின் கோடை அரண்மனை. வெள்ளைக்காரன் காலத்தில் கலெக்டர் குடியிருந்தார். 1959 ஏப்ரலில் நேரு வந்து காந்தி மியூசியமாகத் திறந்து வைத்தார். நான் சின்ன வயதில் பத்துத் தடவையாவது போயிருப்பேன். அங்கே மேல்தளத்துக் குளிர்ச்சியில் உட்கார்ந்துதான் பரீட்சைக்குப் படித்தேன். அது ஹோட்டலாகியிருந்தால் என்னை உள்ளே விட்டிருப்பார்களா?

சேதுநாட்டான்

ராமநாதபுரத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் ராமலிங்க விலாசம், கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம். உள்ளே சுவர் முழுக்க ஓவியம். போர்க் காட்சி, ராமாயணம், வெள்ளைக்காரர்களுடன் பேச்சுவார்த்தை எல்லாம் இருக்கிறது. அது இப்போது அருங்காட்சியகம். அந்தச் சுவரில் ஏசி மாட்ட ஓர் ஆணி அடித்தாலும் முந்நூறு வருடம் போய்விடும். எனவே எல்லாக் கட்டடத்துக்கும் ஹோட்டல் என்பது பொருந்தாது. ஓவியம் இருக்கிற சுவரைத் தொடக் கூடாது.

ஆனால் ஜமீன் அரண்மனைகளின் நிலை வேறு. சமஸ்தான ராஜாக்களுக்காவது 1971 வரை மானியம் வந்தது. ஜமீன்தார்களுக்கு 1948 ஒழிப்புச் சட்டத்தோடு வரும்படி நின்றது. நிலம் போனது, அரண்மனை மட்டும் கையில் தங்கியது. நெல்லும் குத்தகையும் வந்து நிறைத்த கட்டடத்தை மாதச் சம்பளத்தில் எப்படிக் காப்பாற்றுவது? மதுரையைச் சுற்றித் தென் மாவட்டங்களில் எத்தனை ஜமீன் வீடுகளில் ஆலஞ்செடி முளைத்திருக்கிறது என்று பஸ்ஸில் போகும்போதே எண்ணலாம்.

புதுக்கோட்டையில் நடந்தது எனக்குப் பிடிக்கும். 1974ல் தனி மாவட்டம் ஆனபோது தொண்டைமான் அரண்மனை கலெக்டர் ஆபீஸானது. மனுக் கொடுக்க வருகிற கிழவி அந்தப் படியில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறாள். அரண்மனைக்கு அதைவிட என்ன வேண்டும்?

பசுமலைக்காற்று

மதுரைக்குள்ளேயே இரண்டு ஹோட்டல் இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே. இரண்டும் அரண்மனை இல்லை, ஆனால் இரண்டிலும் மில் கதை இருக்கிறது.

ஒன்று பசுமலை மேலே இருக்கிற தாஜ் குழும ஹோட்டல். 62 ஏக்கர். அந்தப் பழைய பங்களா மில் துரைமார் குடியிருந்தது. ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரா மில்லின் சங்கு ஊதித்தான் இந்த ஊரில் பல வீடுகளில் அடுப்பு மூட்டினார்கள். இன்னொன்று கோச்சடையில். அது மில் அதிகாரிகளின் கிளப். 1970களில் இலங்கையின் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. கோயில் தெப்பக்குளம் மாதிரிப் படி வைத்த நீச்சல் குளம், பெரிய ஆலமரங்கள். இப்போது அதுவும் ஹோட்டல்.

என் அப்பா மில்லில் 31 வருடம் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தார். மாலை ஷிஃப்ட் முடிந்து வந்தால் தலைமுடி, புருவம் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா வாசலிலேயே நிறுத்தித் துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார். அவ்வளவு வருடத்தில் ஒரு நாளும் அவர் மலைமேல் ஏறியதில்லை. கீழே கேட் வரைக்கும்தான். இரண்டு வருடம் முன்பு சித்தப்பா மகள் ரிசப்ஷன் அங்கே நடந்தது. அப்பா வேட்டி கட்டி, பங்களா வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழே ஊரைப் பார்த்தார். நாலு கோபுரமும் தெரிந்தது. "இங்க இருந்து பார்த்தா மில்லு எவ்வளவு சின்னதா இருக்கு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மேலமாசி கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தப் பங்களா பங்களாவாகவே இருந்திருந்தால் என் அப்பா அந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

மேலமாசி

பசுமலைக்காற்று, படித்துக் கண் கலங்கிவிட்டது. ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் கல்யாணத்துக்குப் போனதால் உள்ளே போனீர்கள். சும்மா பார்க்க வேண்டும் என்று போனால்? என் கவலை அதுதான். மகாலில் தூணில் பெயர் கிறுக்கிவைக்கிறார்கள், எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். ஹோட்டலில் அது நடக்காது.

அப்பத்தாவீடு

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து இப்போது எழுதுகிறேன். எனக்கு இது கேள்வி இல்லை, முடிவெடுக்க வேண்டிய விஷயம்.

எங்கள் வீடு தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. நான் மதுரை அண்ணாநகரில் இருக்கிறேன். ஐயாவின் அப்பச்சி (அப்பா) பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்குப் பணம் கொடுக்கும் தொழிலுக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டியது. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில். முகப்பில் நின்று எல்லாக் கதவையும் திறந்தால் பட்டாலை என்கிற கூடம், வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிக் கடைசியில் பின்தெரு வெயில் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். சின்ன வயதில் பங்காளிப் பிள்ளைகள் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு ஓடுவோம். அப்பத்தா வளவுத் தூணில் சாய்ந்துகொண்டு, "வழுக்கும்டி, வழுக்கும்டி" என்று கத்திக்கொண்டே இருப்பார். தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். மழை வந்தால் வளவின் நாலு மூலையிலும் கூரைத் தண்ணீர் விழும். அண்டாவைக் கொண்டுபோய் வைக்கச் சொல்வார். அந்தத் தண்ணீர் அண்டாவில் விழும் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும்.

வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. இப்போது எங்கள் வீட்டில் 14 புள்ளி. கோலாலம்பூர், சிங்கப்பூர், சென்னை, கோவை, ஒருவர் அமெரிக்கா. வருடத்தில் ஒரு நாள் படைப்புக்கு வருவோம். முன்னோருக்குச் சேலையும் வேட்டியும் வைத்துப் படைத்து, அதைத் திரும்பப் பேழைக்குள் வைத்துப் பூட்டுவோம். மற்ற நாள் முழுக்க ஒரு காவல்காரரும் வௌவாலும்தான்.

எல்லாரும் "இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிவிட்டு ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்" என்று கேட்பார்கள். விட்டுப் போகவில்லை. பணம் நின்றுவிட்டது. 1930களில் நெல் விலை விழுந்தபோது, கடன் வாங்கியவர்கள் திருப்பித் தர முடியாமல் நிலத்தைக் கொடுத்தார்கள். கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. அது அங்கே எவ்வளவு பேருக்கு வயிற்றெரிச்சல் என்பதை ஐயா ஒளிக்காமல் சொல்வார். 1942ல் ஜப்பான்காரன் வந்தான். 1948ல் நிலம் போனது, 1963ல் பாங்குகள் போயின. பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் இறக்கிக் கட்டிய வீட்டுக்கு ஓடு மாற்றக்கூடப் பணம் வரவில்லை. வருடா வருடம் மழைக்கு முன்னால் ஓட்டைப் பிரித்து அடுக்க வேண்டும். ஒரு வருடம் விட்டால் கைமரம் நனையும், மூன்று வருடம் விட்டால் உளுக்கும்.

எதிர்வீட்டை எட்டு வருடம் முன்பு பிரித்துவிட்டார்கள். பங்காளிகளுக்குள் ஒத்துவரவில்லை. தூண், உத்தரம், நிலை எல்லாம் லாரியில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனது. போன வருடம் வேறொரு ஊரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனேன். வாசல் நிலை எதிர்வீட்டு நிலை. மேலே கஜலட்சுமி. இடது பக்க யானைக்குத் தும்பிக்கை நுனி இருக்காது. நாங்கள் பந்து விளையாடி உடைத்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

இப்போது ஒருவர் எங்கள் வீட்டை 29 வருடக் குத்தகைக்குக் கேட்கிறார். 18 அறை ஹோட்டலாக்கப் போகிறாராம். 14ல் 11 புள்ளி சம்மதம். சம்மதிக்காதவர்களில் பெரியப்பச்சி, "அப்பத்தா செத்துக் கிடந்த பட்டாலையில் யாரோ ஒருத்தன் சூட்கேஸை வைப்பானா" என்கிறார். அவர் சொல்வது எனக்கு வலிக்கிறது. ஆனால் எதிர்வீட்டு யானை அதைவிட வலிக்கிறது.

பத்துத்தூண்

ஆச்சி, இப்படி எழுதியதற்கு நன்றி.

உங்கள் பக்கத்தில் முன்மாதிரி இருக்கிறது. கானாடுகாத்தானில் 1939ல் ஒருவர் மகளுக்காகக் கட்டிய வீடு விசாலம் என்ற ஹோட்டலாக இருக்கிறது. காரைக்குடியில் பழைய கிளப் வீடு ஒன்று பங்களா என்ற பெயரில் 1990களின் கடைசியிலிருந்து விருந்தினரை ஏற்கிறது. அங்கே செட்டிநாட்டுச் சாப்பாட்டை வாழை இலையில் போடுகிறார்கள், அதற்காகவே வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். கடியாபட்டியில் சிதம்பர விலாஸ். இவை நிற்கின்றன. பக்கத்துத் தெருவில் யாரும் கேட்காத வீடுகள் விழுகின்றன. 2014ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பெருமைதான், ஆனால் அந்தப் பட்டியல் உங்கள் ஓட்டைப் பிரித்து அடுக்காது.

மத்திய சுற்றுலாத் துறை பழைய கட்டட ஹோட்டல்களுக்குத் தரம் பிரிக்கிறது. 1950க்கு முன் கட்டியது ஒரு வகை, 1935க்கு முன் கட்டியது அதற்கு மேல் வகை. உங்கள் வீடு எந்த வருடம் என்று காகிதத்தில் இருந்தால் எடுத்து வையுங்கள். குத்தகை பேசும்போது அதற்கு விலை உண்டு.

கொத்தனார்மகன்

ஆச்சி, நான் திருப்பரங்குன்றம். மூன்று தலைமுறையாகக் கட்டட வேலை. செட்டிநாட்டுப் பக்கம் வீட்டை ஹோட்டலாக்கும் வேலை இரண்டில் இருந்திருக்கிறேன். ஒன்று நன்றாக முடிந்தது, ஒன்று நாசமானது. பெயர் வேண்டாம். எது ஏன் கெட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

கெட்ட இடத்தில் அவசரம். சுற்றுலா சீசனுக்குத் திறக்க வேண்டும் என்று ஆறு மாதம் கொடுத்தார்கள். சுவரில் ஓரடி உயரத்துக்கு அரிப்பு இருந்தது. பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசச் சொன்னார்கள். என் அப்பா வேண்டாம் என்றார், கேட்கவில்லை. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறுகிற ஈரம் பூச்சு வழியாகவே வெளியே போய்விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளேயே நின்று மேலே ஏறும், உப்பு பூக்கும். இரண்டு மழைக்காலம் முடிந்ததும் ஓரடி இருந்த அரிப்பு ஆளுயரத்துக்கு வந்தது. சிமென்ட் அப்பளம் மாதிரிப் பொரிந்து, செங்கலையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு விழுந்தது.

அடுத்த தப்பு குளியலறை. வளவு அறைகளிலேயே தடுத்துக் கட்டினார்கள். அந்தச் சுவர்களுக்குள் குழாய் ஓடுவதற்குக் காடி வெட்டினால் அப்புறம் எந்தக் கசிவும் கண்ணுக்குத் தெரியாது. தேக்கு உத்தரம் முனையில் ஊறி மெத்தென்று ஆன பிறகுதான் தெரியும்.

நல்ல இடத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒரு வருடம் வேலையே தொடங்கவில்லை. மழையில் எங்கே ஒழுகுகிறது, வெயிலில் எங்கே வெடிக்கிறது என்று ஆள் வைத்துக் குறித்தார்கள். முதலில் ஓடு. அடுத்து தண்ணீர் வெளியேறும் சாக்கடை. அதற்கப்புறம்தான் சுவர். சுண்ணாம்பை நீற்றி வாரக்கணக்கில் ஊறவிட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்தோம். கடைசிப் பூச்சுக்கு அதை வெண்ணெய் மாதிரி அரைத்து, முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்து, காகிதக் கனத்தில் இழுத்து, வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தேய்க்கிறவர் முகம் சுவரில் மங்கலாகத் தெரியும் வரை விடக் கூடாது. என் அப்பா ஒரு சுவரை முடித்துவிட்டு அதில் கையை வைத்து, "பளிங்கு தோத்துச்சு" என்றார். குளியலறை எல்லாம் பின்னால் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் தனிக் கட்டாக எழுப்பி, ஒரு நடையால் சேர்த்தார்கள். நாலு அறை குறைந்தது. முதலாளி பரவாயில்லை என்றார்.

உடைந்த தரைக்கல்லுக்கு ஆத்தங்குடியிலேயே அதே டிசைன் செய்ய வைத்தார்கள். பார்த்திருக்கிறீர்களா ஆச்சி? கண்ணாடித் துண்டை அடியில் வைத்து, மேலே பூ அச்சை வைத்து, சாயம் கலந்த சிமென்டைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டுப் பின்னால் மணலும் சிமென்டும் போட்டு அமுக்கி, காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பார்கள். கண்ணாடி கழன்று வரும்போது அதன் பளபளப்பு கல்லுக்கு வந்துவிடும். ஒவ்வொன்றும் கையால் செய்வது.

அதனால் என் பதில்: ஹோட்டல் ஆவது கெடுதல் இல்லை. அவசரமும் சிமென்டும்தான் கெடுதல். குத்தகைப் பத்திரத்தில் சுண்ணாம்பு என்று எழுதி வாங்குங்கள்.

நவபத்கானா

கொத்தனார்மகன் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மகால் தூணில் கன்னம் வைத்தால் ஏன் ஜில்லென்று இருந்தது என்று இப்போது புரிகிறது என்றார். அதுவும் செங்கல்லும் சுண்ணாம்பும்தானே.

வடக்குவெளி

நான் வக்கீல். பொதுவாகச் சொல்கிறேன், இதையே ஆலோசனையாக வைத்துக்கொள்ளாமல் பத்திரம் பார்க்கும் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள்.

11 புள்ளி சம்மதம் போதாது. பிரிக்காத பொதுச் சொத்து என்றால் பங்குள்ள எல்லாரும் கையெழுத்திட வேண்டும். அதில் மகள்களையும் மறக்காதீர்கள். உங்கள் வழக்கத்தில் வீடு ஆண்பிள்ளைகளுக்கு என்று இருக்கும். ஆனால் தமிழ்நாட்டின் 1989 திருத்தம், அப்புறம் 2005ன் மத்திய திருத்தம் இரண்டும் மகளுக்குப் பங்கு கொடுத்துவிட்டன. எந்தத் தலைமுறையில் எப்போது பாகம் ஆனது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். இதை இப்போதே தீர்க்காவிட்டால் பத்தாம் வருடத்தில் ஒருவர் கோர்ட்டுக்குப் போவார், ஹோட்டல் மூடும், வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கும் வீடுதான் சீக்கிரம் விழும்.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயம் பதிவாக வேண்டும். அதில் மூன்று விஷயம் கண்டிப்பாக இருக்கட்டும். எந்த அறை, எந்தச் சுவரைத் தொடக் கூடாது என்று வரைபடத்தோடு. கதவு, தூண், கண்ணாடி, பாத்திரம் எல்லாவற்றுக்கும் போட்டோவோடு பட்டியல். படைப்பு நாளிலும் வீட்டுக் கல்யாணத்துக்கும் வளவு குடும்பத்துக்குத் திரும்பும் என்ற உரிமை. மூன்றாவதை வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள். இன்று கேட்கிறவர் நல்லவராக இருக்கலாம். 15 வருடம் கழித்து அவர் அந்தக் குத்தகையை யாருக்கு மாற்றுவார் என்று தெரியாது.

மேலமாசி

நாலாவதாக ஒன்று சேர்க்க முடியுமா வக்கீல் சார்? மாதத்தில் ஒரு நாள் ஊர்ப் பிள்ளைகளுக்கு முகப்பும் வளவும் திறந்திருக்க வேண்டும் என்று.

வடக்குவெளி

தாராளமாக. கேட்டால்தான் கிடைக்கும். ஆரம்பத்தில் கேட்பது சுலபம்.

சேதுநாட்டான்

ஸ்பெயின் நாட்டில் அரசாங்கமே 1928லிருந்து பரடோர் என்று ஹோட்டல்கள் நடத்துகிறது. பழைய கோட்டை, மடாலயம் எல்லாம் அதில் வருகிறது. லாபத்துக்கு மட்டும் இல்லாமல் கட்டடத்தைக் காப்பதற்கும் என்று. நம் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் ஊர் ஊராக ஹோட்டல் தமிழ்நாடு நடத்துகிறதே. புதிதாக ஒரு கான்கிரீட் கட்டடம் எழுப்புவதற்குப் பதில், விழப்போகிற ஒரு ஜமீன் வீட்டை எடுத்துச் செய்தால் என்ன? இதை ஒரு மனுவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் சொல்லுங்கள்.

பசுமலைக்காற்று

என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவும் போடுவார்.

அப்பத்தாவீடு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

பத்துத்தூண் ஐயா வருடத்துக்குக் காகிதம் கேட்டதால் ஊருக்குப் போய், பெரியப்பச்சியையும் கூட்டிக்கொண்டு பெட்டகசாலையைத் திறந்தோம். சாவி துருப்பிடித்து இரண்டு பேர் சேர்ந்து திருக வேண்டியிருந்தது. உள்ளே பேழைக்கு அடியில் ஐயாவின் அப்பச்சி கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமான ஒப்பந்த ஓலையும், வீடு கட்டிய கணக்கு நோட்டு ஒன்றும் இருந்தன. நோட்டு முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே வருடம், மாதம். 1911. அப்புறம் பக்கம் பக்கமாகத் தேக்கு, சுண்ணாம்பு, கூலி. ஒரு பக்கம் முழுக்க முட்டைக் கணக்கு. எந்தெந்தக் கிராமத்திலிருந்து எத்தனை கூடை வந்தது என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். பக்கத்து ஊர்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கொத்தனார் பெயர்களும் இருக்கின்றன, ஒவ்வொருவருக்கும் தீபாவளிக்கு வேட்டி கொடுத்த கணக்கோடு.

பெரியப்பச்சி வளவுப் படியில் உட்கார்ந்து அதை முழுக்கப் படித்தார். இரண்டு மணி நேரம் ஆனது. படித்து முடித்துவிட்டு, "இத்தனை பேர் கை பட்டிருக்கு. பூட்டிப்போடறது பாவம்" என்றார். பட்டாலையில் கட்டில் போடக் கூடாது, அது எப்போதும் பட்டாலையாகவே இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. அவர் அறையைப் பூட்டிச் சாவியைத் தானே வைத்துக்கொள்வாராம், படைப்புப் பேழை அதில் இருக்கும். குத்தகை கேட்டவர் இரண்டுக்கும் சரி என்றார். சுண்ணாம்புக்கும் சரி என்றார். மாதம் ஒரு நாள் திறப்பதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். விடமாட்டேன். மகள்கள் கையெழுத்துக்கு என் அத்தைகளிடம் பேச ஆரம்பித்திருக்கிறேன், அவர்கள் முதல்முறையாகத் தங்களை ஒருவர் கேட்கிறார் என்று சந்தோஷப்படுகிறார்கள்.

கொத்தனார்மகன் தம்பி, உங்கள் அப்பாவால் இன்னும் பயணம் செய்ய முடியுமா? சுவர் அரிப்பை அவர் கண்ணால் பார்த்துச் சொன்னால் பத்திரத்தில் எழுதுவதற்கு எங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். செலவு எங்களுடையது. மதியச் சாப்பாடு வீட்டில்தான்.

கொத்தனார்மகன்

ஆச்சி, அப்பாவிடம் முட்டைக் கணக்கைப் பற்றிச் சொன்னேன். நோட்டைப் பார்க்க வேண்டும் என்று இப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாட்டுத்தாவணியில் காரைக்குடி பஸ் ஏறுகிறோம். மட்டப்பலகையும் தூக்குக்குண்டும் கொண்டுவருகிறோம். வளவுத் தரையைக் கழுவி மட்டும் வையுங்கள், கல்லைப் பார்க்க வேண்டும்.

நவபத்கானா

நானும் அப்பாவும் வரலாமா ஆச்சி?

அப்பத்தாவீடு

இது என்ன கேள்வி தம்பி. முகப்புக் கதவு ஆறு மணிக்கே திறந்திருக்கும்.